ஐயாவின் இடுப்பும் என் வலக்காலும்

நான் காலால் பிறந்தவள். தலை வரவேண்டிய இடத்தில் என் கால்கள் முதலில் வந்தன. அப்படிப் பிறந்த பிள்ளை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. கிளிநொச்சிப் பக்கத்தில் காடு வெட்டி வயலாக்கிய எங்கள் குடியேற்றத்திலே காலால் பிறந்தவள் நான் ஒருத்திதான். காடு வெட்டுகிறவர்களுக்கு இடுப்புப் பிடிப்புக்குக் குறைவா என்ன? எட்டு வயதிலேயே எனக்கு நல்ல கிராக்கி.

பிடிப்புக்காரர் முற்றத்துப் பாயில் குப்புறப் படுப்பார். நான் வலக்காலைக் கழுவிக்கொண்டு வந்து, நோகிற இடத்தில் மூன்று தரம் மிதிப்பேன். சிரிக்கக் கூடாது. முடிந்ததும் ஒரு துண்டு பனங்கட்டி கைக்கு வரும். கணக்குப் பாடத்தில் பூச்சியம் வாங்குகிற பிள்ளைக்கு இப்படியொரு மரியாதை கிடைத்தால் தலைக்கனம் வராதா? எனக்கு வந்தது. முள்ளுப் பாதையில் வலக்காலை மட்டும் பார்த்துப் பார்த்து வைப்பேன்.

அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டவர் என்னைப் பெற்ற ஐயாவேதான்.

சிறுபோக அறுவடை முடிந்த கையோடு அவருக்கு இடுப்பில் நோவு தொடங்கியது. காலையில் நான் மிதிப்பேன், நிமிர்ந்து போவார். பின்னேரம் கோணிக்கொண்டு வருவார். இப்படியே மூன்று கிழமை. நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் வந்து வாயு என்று சொல்லிப் பலாக்காயை நிறுத்தினார். பக்கத்து வளவு மாமி மண்வெட்டிப் பிடி கட்டையென்றார். நீளப் பிடி போட்டுப் பார்த்தோம். அம்மா கட்டிலைக் குற்றம் சொல்லி அவரைப் பாயில் படுக்கவைத்தார். அம்மாவுக்கு அப்போது வயிற்றில் தம்பி. குனிய முடியாத அவரும், நிமிர முடியாத ஐயாவும் ஒரே வீட்டில்.

"பிள்ளையின்ர காலில இருந்த குணம் போட்டுதாக்கும்" என்று மாமி ஒருநாள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்தக் கிழமை வழமையாக என்னிடம் வருகிற இரண்டு பேர் பரியாரியாரிடம் போய்விட்டார்கள் வேறு. காலில் பிழையில்லை என்றால் பிழை எங்கேயோ இருக்கவேண்டும். கண்டுபிடிக்கிறது என்று முடிவு கட்டினேன்.

நோவு வருவது மத்தியானத்துக்குப் பிறகு. மத்தியானத்தில் எல்லாரும் வெயிலுக்குப் படுத்திருக்க, ஐயா மட்டும் வாய்க்காலில் தண்ணீர் பார்க்கப் போவதாகச் சொல்லிப் புறப்படுவார். அறுவடை முடிந்த வயலுக்கு என்ன தண்ணீர் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள்! நான் பின்னாலேயே போனேன்.

வாய்க்கால் கட்டில் ஐயா அங்குமிங்கும் பார்த்துவிட்டுப் பற்றைக்குள்ளிருந்து ஒரு சைக்கிளை இழுத்தெடுத்தார். சங்கக்கடை மனேச்சருடையது. ஐயாவோ சைக்கிள்காரரைக் கண்டால் தன் வண்டில் மாடுகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறவர்! சாரத்தை மடித்துக் கட்டி ஏறினார். பத்து யார் போனார். பிறகு தொம்மென்று குந்தியடித்து விழுந்தார். எழும்பினார், மண்ணைத் தட்டினார், ஏறினார், விழுந்தார். ஒவ்வொரு தரமும் இடுப்பின் அதே இடம். நான் மிதித்து எடுத்ததையெல்லாம் மனுசன் ஒரு மத்தியானத்தில் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார். ஆறாம் தரம் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை பிள்ளை" என்றார் ஐயா, இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு. நானும் ஓம் என்றேன். சத்தியமாக அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் மறுநாள் காலை நான் ஐயாவை மிதிக்கிற நேரம் பார்த்து மாமி வந்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஐயாவின் முதுகில் நின்றபடியே சொன்னேன்: "என்ர காலில ஒரு பிழையும் இல்லை. ஐயா நெடுகச் சைக்கிளால விழுறார்."

மாமி கண்ணீர் வரச் சிரித்தார். பொழுதுபடுவதற்குள் குடியேற்றம் முழுக்கச் சிரித்தது. ஐயா பாயிலிருந்து முகத்தை எடுக்கவேயில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெரிய வயிற்றோடு கஷ்டப்பட்டு ஐயாவின் பக்கத்தில் குந்தி, "எனக்காகவோ?" என்று கேட்டார். பிறகு குசினிக்குள் போய் அழுதார். சாரம் கிழிந்த கவலையாக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஐயா பகிரங்கமாகவே பழகினார். மழை தொடங்கியபோது அவருக்குச் சைக்கிள் ஓடத் தெரிந்திருந்தது. ஒருநாள் விடியற்காலை, சேற்றுக்குள்ளால் சைக்கிளை மிதித்துப் போனவர், இரண்டு மணித்தியாலத்துக்குள் மருத்துவிச்சி அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

மருத்துவிச்சி வீட்டுக்கு ஐந்து மைல். நான் பிறந்தபோது அவரை மாட்டுவண்டிலில் கூட்டிவர ஒரு பகல் முழுதும் போனதாம். என் கால்கள் மட்டும் வெளியே வந்த நிலையில் அம்மா அவ்வளவு நேரமும் கிடந்தாராம். இதை எனக்கு அப்போது ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. காலின் குணத்தை மட்டும் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

மருத்துவிச்சி அம்மா கதவைத் திறந்ததும் நான்தான் முந்திக்கொண்டு கேட்டேன், தலையோ காலோ என்று. "தலைதான்" என்றார். அப்பாடா, எனக்குப் போட்டியில்லை! திரும்பிப் பார்த்தால் ஐயா முற்றத்துச் சேற்றிலே அப்படியே குந்திவிட்டார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

நோவு திரும்ப வந்துவிட்டதென்று ஓடிப்போய் வலக்காலைக் கழுவிக்கொண்டு வந்தேன்.