கழன்று கிடந்த பரியே

போன தீபாவளிக்கு மறுநாள் எதிர்வீட்டுச் சின்னப்பெண் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியை என் மூஞ்சிக்கு நேரே நீட்டி, “தாத்தா, கையத் தூக்கு” என்றாள். தூக்கிவிட்டேன். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே தூக்கினேன். கையிலிருந்த காப்பி டம்ளர் கீழே விழுந்து உருண்டது. அவள் சுட்ட சுருள் கேப்பின் கந்தக வாசனை மூக்கில் ஏறியதும் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. “ஐயே, தாத்தா பயந்துட்டாரு” என்று நாங்கள் இருக்கும் மூலக்குளம் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாள். சொல்லட்டும், பொய்யில்லையே. எனக்குத் துப்பாக்கி என்றால் பயம். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்றால் காரணத்தைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் காலை நீட்டினால் தெருவில் போகிறவர் தடுக்கி விழுவார், அவ்வளவுதான் இடம். கடையை எனக்கு விட்டுப்போனவர் வெள்ளைக்காரர் வீட்டுக் கடிகாரங்களுக்கு வேலை செய்தவர். அதனால் உள்ளே இருக்கிற சாமான்களுக்கெல்லாம் பிரெஞ்சுப் பெயர்தான். சுருள்வில்லுக்கு ரெசோர். அந்த வில் சுருண்டு உட்கார்ந்திருக்கும் பித்தளை டப்பிக்குப் பரியே. இப்படி மொத்தம் ஒரு பன்னிரண்டு சொல் எனக்குத் தெரியும். அந்தப் பன்னிரண்டை வைத்துக்கொண்டு பிரெஞ்சில் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. ஆனால் சொல்தாக்கள் கடைக்கு வந்துவிட்டால் நான் விடுகிற அலட்டல் தாங்காது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மண்ணெண்ணெய் நாறும் கையோடு அவர்களிடம், “ரெசோர் போச்சு முசியே” என்று, ஐயாவைக்கூடப் பிரெஞ்சில் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை. வாய்க்கொழுப்பு என்றும் சொல்லலாம்.

பெலிக்ஸ் முசியே அப்படி ஒரு சொல்தா. சைகோன் பக்கம் சண்டைக்குப் போய்வந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், காலையில் சரியாக ஏழு மணிக்குக் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். அவருடைய ஒரே மகன் பிரான்சில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு இறந்துபோனதாகத் தந்தி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆத்துமப் பூசைக்கு நானும் போய் மாதா கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன். அதற்குப் பிறகு மனிதர் வெளியே தலைகாட்டவில்லை. திடீரென்று ஒருநாள் கடைவாசலில் வந்து நின்றார்.

“தம்பி, பரியே கழண்டு கெடக்கு. ரெசோர் ஒண்ணக் காணோம். வூட்டுக்கு வந்து மாட்டித் தருவியா?”

“பரியேதான முசியே? கண்ணக் கட்டி வுட்டாலும் மாட்டுவேன்.”

“வாக்கு மாற மாட்டியே?”

கடிகார வேலைக்கு யாராவது வாக்குக் கேட்பார்களா? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். புத்திர சோகத்தில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு, “மாற மாட்டேன்” என்றேன்.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் இருந்த பெரிய கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் மேசைமேல் ஒரு துண்டை விரித்து, பிஸ்கட் டின்னைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு மரக் கைப்பிடி. ஒரு குட்டைக் குழாய். என்னவென்று தெரியாத நாலைந்து இரும்புத் துண்டுகள். கடைசியாக ஆறு ஓட்டை போட்ட ஓர் உருளையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“பரியே” என்றார்.

கடிகாரத்து டப்பிக்கும் ரிவால்வரில் தோட்டா போடுகிற உருளைக்கும் பிரெஞ்சில் ஒரே பெயர் என்பதை நான் அந்த நிமிடத்தில்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு சாமானுக்கு ஒரே பெயர் வைத்தவன் நாசமாய்ப் போக. உள்ளங்கை சில்லிட்டது. மூத்திரம் முட்டிக்கொண்டு வந்ததை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

“முசியே, இதுக்கு லைசென்சு...”

“சைகோன்லேருந்து என் பொட்டியோட வந்துது. யாரு கேட்டா?”

சர்க்காரிடம் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னார். பட்டாளத்துக்காரன் ஆயுதத்தை ஒப்படைத்தால் ஓடுகிற நிலையில்தான் ஒப்படைக்க வேண்டுமாம், உதிரியாகக் கொடுப்பது கேவலமாம். “அதான் ரெக்லெமான்” என்றார், சட்டதிட்டம் என்ற அர்த்தத்தில். நான் இழுத்தேன். “நீ முடியாதுன்னா சேதராப்பட்டுல ஒரு பட்டறைக்காரன் இருக்கான். அவன் செஞ்சிட்டுப் போறான்” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தபோது அவர் மனைவி வாசல்வரை கூடவே வந்தார். நாங்கள் மதாம் என்று கூப்பிடுவோம். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“நான்தான் தம்பி அதக் கழட்டினேன். தந்தி வந்த அன்னிக்கே. அரிசிப் பானையில ஒண்ணு, மாதா சுருவத்துக்குப் பின்னால ஒண்ணுன்னு ஒளிச்சி வெச்சேன். மூணு மாசமாத் தேடித் தேடிப் பொறுக்கிட்டாரு. ரெசோர் மட்டும் கெடைக்கல, அத நான் அன்னிக்கே சாக்கடையில போட்டுட்டேன்.”

“ஒப்படைக்கப் போறேன்னாரே மதாம்?”

“தோட்டா ஒண்ணு வெச்சிருக்காரு. ஒண்ணே ஒண்ணு. எங்கன்னு தெரியல எனக்கு.”

அந்த ‘ஒண்ணே ஒண்ணு’ என் காதில் விழுந்த பிறகு எப்படி சைக்கிள் ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தேன் என்று ஞாபகமில்லை. என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். மாட்டிக் கொடுத்தால் அந்த மனிதர் போய்விடுவார், நான் கம்பி எண்ண வேண்டும். மாட்டாவிட்டால் சேதராப்பட்டுக்காரன் ஒழுங்காகவே செய்துவிடுவான். முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் போனால் உதைக்கிறது என்பார்களே, அதுதான்.

மறுநாள் போய், செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, அளவு பார்க்க ஒரு துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தேன். அதை மேசைமேல் வைத்துக் கண்ணில் லென்ஸை மாட்டினேனோ இல்லையோ, எதிரில் ஒரு சிவப்புத் தொப்பி. பீட் கான்ஸ்டபிள். அவருடைய கடிகாரம் தினமும் பத்து நிமிடம் பிந்தும், என்னை வந்து திட்டிவிட்டுப் போவார். அன்றைக்குத் திட்டவில்லை. அந்த இரும்புத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாது இது?”

“மாதா கோயில் கடியாரத்து சாமான் சார்.”

“சாமி சமாச்சாரமா, பாத்து செய்யி” என்று கீழே வைத்தார். அவர் கடிகாரத்தை அன்று இலவசமாகச் சரிசெய்து கொடுத்தேன். பயந்துகொண்டே செய்ததால் அது அதற்குப் பிறகு இருபது நிமிடம் பிந்தியது.

இழுப்பறையில் இரண்டு பழைய வில் இருந்தது. ஒன்று முறுக்கான எஃகு. இன்னொன்று டைம்பீஸிலிருந்து கழற்றியது, வருஷக்கணக்காக அலாரம் அடித்து அடித்துச் சோர்ந்துபோனது. சோர்ந்ததைத்தான் எடுத்தேன். சத்தம் வரும், பரியே சுற்றும், ஆனால் தோட்டாவின் மேல் விழுகிற அடியில் வலு இருக்காது, வெடிக்காது. துணிச்சலான காரியம் செய்ததாக என் மனைவி சொந்தக்காரர்களிடம் இன்றைக்கும் சொல்வதுண்டு. துணிச்சல் எங்கே இருந்தது? அவர் செத்தாலும் பயம், நான் ஏமாற்றியதைக் கண்டுபிடித்தாலும் பயம். இரண்டாவது பயம் கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்.

அவர் வீட்டுக்குப் போய் மாட்டி முடித்ததும் முசியே வாங்கிப் பார்த்தார். இழுத்தார். டக் என்றது. உருளை ஒரு சுற்று நகர்ந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார். “வேலக்காரன்டா நீ” என்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் யாராவது ஓடினால் எழுந்து நிற்பேன். கோயில் மணி அடித்தால் துக்க மணியா என்று காதைக் கொடுத்துக் கேட்பேன். ஒருவேளை அடி விழுந்துவிட்டால்? சோர்ந்த வில்தானே என்று நான் நினைத்தது தப்பாகிவிட்டால்?

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு முசியே வந்தார். சட்டையில் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கைக்குட்டை மூட்டையை என் மேசைமேல் வைத்தார்.

“வேல செய்யலடா.”

எனக்கு முதலில் புரியவில்லை. “ஒப்படைச்ச எடத்துல சோதிச்சுப் பாத்தாங்களா முசியே?” என்று மடையன் மாதிரி கேட்டேன்.

“இல்ல” என்றார். தரையைப் பார்த்தார்.

அப்போதுதான் புரிந்தது. அது வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. கடையில் இருந்த அத்தனை கடிகாரமும் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“தெரிஞ்சே செஞ்சியா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நேரே சேதராப்பட்டுக்குப் போயிருப்பாரோ, என்னவோ. “சத்தியமா இல்ல முசியே. எனக்கு வேல தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன், மன்னிச்சிடுங்க” என்றேன். தொழில்காரன் வாயிலிருந்து வரக்கூடாத சொல் அது. அவர் என்னையே பார்த்தார். பிறகு வாடிக்கையாளர் முக்காலியில் உட்கார்ந்து மகன் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தார். பூசையில்கூட அழாத மனிதர். நான் கடைப்பலகையைப் பாதி சாத்திவிட்டுப் பக்கத்தில் நின்றேன். எனக்கும் அழுகை வந்தது, பயம் விட்டுப்போன அழுகை.

மதாமுக்கு ஆளனுப்பினேன். மார்க்கெட் கூடையோடு வந்தார். தோட்டாவை முசியே தானே எடுத்து அவர் கையில் கொடுத்தார். எல்லாவற்றையும் மீனுக்கு அடியில் வைத்துக்கொண்டு மதாம் வைத்திக்குப்பத்துக்கு நடந்தார். தெரிந்த படகுக்காரர் ஒருவர் ஆழத்தில் கொண்டுபோய்ப் போட்டாராம். “கடல் வழியா வந்தது, கடலுக்கே போவட்டும்” என்று மதாம் பிறகு சொன்னார்.

முசியே அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். ஆனால் கைக்கடிகாரத்தை என்னிடம் கொடுக்கவே இல்லை. பென்ஷன் வாங்கப் போகிற இடத்தில், கோயில் வாசலில், யார் கடிகாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், “அவங்கிட்ட போவாத, அவனுக்கு வேல தெரியாது” என்பார். சொல்தாக்கள் ஒவ்வொருவராக என் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். எனக்கு ரோஷம் வரும்தான். ஆனாலும் யாராவது வந்து, “முசியே உன்ன இன்னிக்கும் திட்டினாரு” என்று சொன்னால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

இப்போது அந்த வீடு வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதி. என் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். மதாமும் இல்லை. ரெசோர் என்றால் என்னவென்று கேட்க ஆளில்லை, சொல்ல நான் ஒருவன் இருக்கிறேன். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் புதிதாக ஒருவர் கடிகாரத்தோடு வந்து தயங்கித் தயங்கி நின்றார். “ஒனக்கு வேல தெரியாதுன்னு பெலிக்ஸ் முசியே சொல்றாரே, நெஜமா?” என்று கேட்டார். அந்த வருஷமே முசியே வயசாகிப் போய்ச் சேர்ந்தார், அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.