பெயர் சொல்லும் எபிசோடு

காதலை ஒழுங்காகக் காட்டுவது அனிமேஷன் தொடர்கள்தான் என்று நான் சொன்னால் இன்றும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சினிமாவில் ஒரு பார்வை, உடனே வெளிநாட்டில் ஒரு பாட்டு. சீரியலில் காதலிக்கிறவர்களுக்கு அழவே நேரம் போதாது. நான் பைத்தியமாகப் பார்க்கும் ஜப்பான் தொடர்களிலோ, ஒரு பையன் குடையை நீட்டவே அரை எபிசோடு எடுத்துக்கொள்வான். அந்தத் தயக்கம்தான் காதல். சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

ஒரே குறை, மனதில் இருப்பதைச் சொன்னதுமே கதையை முடித்துவிடுவார்கள். நானும் என் கணவரும் அவர்கள் முடிக்கும் இடத்தில் ஆரம்பித்தவர்கள். தை மாதம் பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். சம்பா அறுவடை முடிந்ததும் அவர் சிங்கப்பூர் திரும்ப வேண்டும். அதற்குள் இந்த மனிதருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவரோ வயலுக்கும் வீட்டுக்குமாக அலைந்தாரே தவிர, "சாப்பிட்டியா?" என்பதைத் தாண்டவில்லை.

குடவாசல் பக்கத்தில் அவர்கள் வீடு. ஒரு மத்தியானம் டிவியில் என் தொடரைப் போட்டேன். "பொம்மைப் படமா?" என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியாரும் நகர்ந்து வந்தார். அத்தைக்காக நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கதையில் அந்தப் பெண் பையனைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவாள். அவன் சொந்தப் பெயரைச் சொல்வது அங்கே அவ்வளவு பெரிய விஷயம்.

என் காலேஜ் தோழிகளுக்குக் கடைசிவரை புரியாத இது, அத்தைக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. ரேஷன் கடையில் மாமாவின் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்கிறவர் அவர். அந்த வீட்டு வழக்கப்படி எனக்கும் என் கணவர் "ஏங்க"தான். அதன்பிறகு அத்தை தினமும் கேட்பார்.

"அந்தப் பொண்ணு பேரைச் சொல்லிட்டாளா?"

"இன்னும் இல்ல அத்தை."

ஒருவழியாக ரயில் நிலையத்தில் சொன்னாள். பையனின் காது சிவந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. "பேரு சொல்றதுக்கா இத்தனை நாளு?" என்று கணவர் சிரித்தார்.

"நம்ம வீட்டுல அதுகூட நடக்கலைங்க," என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அறுவடை முடிந்தது. வழியனுப்ப எல்லோரும் வேனில் திருச்சி விமான நிலையத்துக்குப் போனோம். பொதுவாக எல்லோரையும் பார்த்து "வர்றேன்" என்றவர், பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பார்க்கவில்லை.

"ஏங்க," என்று கத்தினேன். வரிசையில் நின்ற ஆண்களில் பாதிப்பேர் திரும்பினார்கள், அவரைத் தவிர. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மாமனார், மாமியார், ஊர் சனம் அத்தனையும் மறந்துபோய், அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

அப்படியே நின்றார். திரும்பினார். காது சிவந்திருந்தது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. பிறகு, அவ்வளவு கூட்டத்தில், அவரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

திரும்பும்போது மாமா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வல்லம் வரைக்கும் அத்தை வாயைத் திறக்கவில்லை. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். மாமா கண்ணயர்ந்ததும் என் காதருகே குனிந்தார்.

"சொல்றப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.