ஜமால் பாய் வளைத்து வெட்டிய பள்ளங்கள்

"அத்தா காலையில மவுத்தாயிட்டாங்க அங்கிள். லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்று ஜமால் பாயின் மகள் போனில் சொன்னபோது, தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வீடு திரும்புவதற்குள் நம் நகர் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகள் குவிந்துவிட்டன. மாலையில் 'நீர் காத்த நல்லவர்' என்று ஃபிளெக்ஸும் எழுந்தது. உயிரோடு இருந்தவரை நம்மில் யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை.

பாய் தனியார் சர்வேயர். "கூடுவாஞ்சேரி பக்கம் எத்தனையோ ஓடைய மனையா அளந்து குடுத்தவன் சார் நான். இந்த மலைக்காவது ஒரு நல்லது செய்யணும்" என்பார். கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீருக்கு நின்ற நமக்காக, பின்னாலிருக்கும் மொட்டை மலைச்சரிவில் நீளப் பள்ளங்கள் வெட்டவைத்தார். மழைநீர் ஓடிப்போகாமல் அங்கேயே நின்று நிலத்துக்குள் இறங்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து ஒரே மட்டத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போவார். பள்ளங்கள் மலையோடு வளைந்து வளைந்து போயின. "தண்ணி அழகு பாக்காது சார், மட்டத்தத்தான் பாக்கும்" என்றார். அடுத்த கோடையில் நம் போர்களில் தண்ணீர் இருந்தது.

நாம்தான் அழகு பார்த்தோம். மனையின் மூலை ஒரு சாண் கோணலென்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிற ஜனம் நாம். பாய் கண் ஆபரேஷனுக்காகப் படுத்திருந்த வாரத்தில், சங்கச் செயலாளராக இருந்த நான் ஜேசிபியை வரவழைத்து, எல்லாப் பள்ளங்களையும் காம்பவுண்டுச் சுவருக்கு இணையாக நேராக்கினேன். பாய் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றுகூடச் சொன்னேன்.

ஐப்பசி மழையில், நேரான பள்ளங்களில் தண்ணீர் நிற்கவில்லை. தாழ்ந்த முனைக்கு ஓடி, கரையை உடைத்து, கடைசித் தெரு வீடுகளில் முழங்கால் அளவு சேறாக நுழைந்தது.

அவசரக் கூட்டத்தில் பாயை நடுவில் நிற்கவைத்தோம். "சும்மா இருந்த மலைல கைய வச்சுட்டு, இன்னா ஆச்சு பாத்தியா பாய்? வூட்ல ஒரு சாமான் மிச்சம் இல்ல" என்றார் கடைசித் தெரு மளிகைக்காரர். ஜேசிபி வந்தது தெரிந்த கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாய் என்னைப் பார்த்தார். நான் குனிந்து, 'திட்டத்தில் பிழை' என்று மினிட்ஸ் நோட்டில் எழுதினேன்.

வெளியே வந்ததும், "ஏன் பாய் சொல்லல?" என்று அவரையே கேட்டேன். அந்த வெட்கங்கெட்ட கேள்விக்கும் அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"சொன்னா உங்கள இங்க நிம்மதியா இருக்க விடுவாங்களா சார்? உங்களுக்கு சொந்த வீடு. நான் வாடகைக்காரன், வேற எடம் பாத்துப்பேன்."

அந்த மாதமே படப்பைக்குக் குடிபோனார். பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். ஒருமுறைகூட நான் போகவில்லை. அடக்கத்துக்குத்தான் போனேன்.

நண்பர்களே, கடைசித் தெருவை மூழ்கடித்தது நான். அந்தப் பழியைச் சாகும்வரை அவர் சுமந்தார். அவர் விட்டுப்போனதில் எனக்குச் சேர வேண்டியது அது ஒன்றுதான்.