ஹோப் வேறு, எக்ஸ்பெக்ட் வேறு என்ற எங்கள் அக்கா

அக்காவின் இந்த நினைவு மலரை அச்சடிக்கக் கொடுக்கப் போனபோது, அச்சகத்துக்காரர் முன் அட்டைக்கு ஒரு மாதிரி காட்டினார். அக்காவின் படம், மெழுகுவர்த்தி, தமிழில் இரண்டு வரி, அதன்கீழ் ஆங்கிலத்தில் ‘சேட் டிமைஸ்’. “எல்லாரும் போடறதுதானுங்க, எடுப்பா இருக்கும்” என்றார். நான் அதை எடுத்துவிடச் சொன்னேன். அது அக்கா உயிரோடு இருந்தபோதே தடை போட்ட சொல். எந்த வீட்டுப் பத்திரிகையில் அதைப் பார்த்தாலும், “டெத்துக்குக் கோட்டு மாட்டி உட்டா டிமைஸுங்க. நம்மூட்டுக்கு வர்றதுக்குக் கோட்டு எதுக்கு?” என்று சிரிப்பார்.

ஆகவே பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் அக்காவைப் பற்றி ஒரே அழுகையாக எழுத எனக்கு வராது. எழுதினால் அது அக்காவைப் பற்றியதாகவும் இருக்காது.

அக்கா பிறந்தது அவிநாசிக்குப் பக்கத்தில், ஒரு தோட்டத்துச் சாளை வீட்டில். தோட்டம் பண்ணையக்காரருடையது, அதில் வேலை செய்தவர்கள் எங்கள் அப்பாவும் அம்மாவும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா தறி ஓட்டக் கருமத்தம்பட்டிக்கு வந்துவிட்டார். அதன்பின் எங்களுக்கு எல்லாமே தறிச் சத்தத்துக்குள்தான். பள்ளியில் தமிழ் மீடியம். கல்லூரிக்குக் கோயமுத்தூர் பஸ் ஏறியபோது அக்கா எடுத்த பாடம் ஆங்கில இலக்கியம். “இங்கிலீசுப் படிச்சுப்போட்டு என்ன, வெள்ளைக்காரனுக்கா வாக்கப்படப் போவுது?” என்று சொந்தத்தில் கேட்காத ஆள் இல்லை. இரண்டாம் வருடத்தில் அப்பா காலமாகிவிட்டார். அம்மா நூல் சுற்றும் வேலைக்குப் போய் அக்காவின் படிப்பை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டார்.

ஒரே அர்த்தம் உள்ள சொற்கள் என்று யாராவது சொன்னால் அக்காவுக்கு ஆகாது. “ஒண்ணுதான்னா எதுக்கு ரெண்டு வெச்சிருக்கறாங்க? வேற வேலை இல்லீங்களா அவங்களுக்கு?” என்று வகுப்பிலேயே எழுந்து கேட்டவர். என்னிடம் சொல்லும்போது தறியை வைத்துத்தான் சொல்வார். “பாவும் நூலுதான், ஊடையும் நூலுதான். மாத்திப் போட்டுப் பாரு, தறி ஓடுதான்னு.” நான் எலெக்ட்ரிக்கல் கடை திறந்தபோது பலகையில் ‘சீப் அண்டு பெஸ்ட்’ என்று எழுதியிருந்தேன். அக்கா ரோட்டில் நின்று பார்த்தார்.

“ஏன் கண்ணு, நம்ம சாமான் மட்டம்னு நீயே எழுதி வெச்சிருக்கற?”

“வெல கம்மின்னு எழுதியிருக்கறனுங்க்கா.”

“அதுக்கு இன்எக்ஸ்பென்சிவ்.”

“அத்தன எழுத்துக்குப் போர்டுல எடமில்லீங்க்கா.”

“அப்பத் தமிழ்ல எழுது.” அப்படித்தான் என் கடைப் பலகையில் ‘நியாயமான விலை’ என்று வந்தது. இன்றும் இருக்கிறது.

தறி மெக்கானிக்கான மச்சானைக் கைப்பிடித்து, மகள் பிறந்த பிறகு, துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்களைப் பார்க்கும் வேலையில் அக்கா சேர்ந்தார். அவர் பேர் எடுத்தது அங்கேதான். சேர்ந்த புதிதில் ஒரு மெயில் வந்தது. பெரிய ஆர்டர் ஒன்றை அடுத்த மாதம் உறுதி செய்ய ‘ஹோப்’ செய்கிறோம் என்று, துணி வாங்கும் பையர் எழுதியிருந்தார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. நூலுக்குச் சொல்லிவிட போனை எடுத்துவிட்டார்.

“செத்த பொறுங்க முதலாளி” என்றார் அக்கா. “எக்ஸ்பெக்ட்னு போடலீங்க. ஹோப்னுதானுங்க போட்டிருக்கறாங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான அம்மணி?”

“பொண்ணுப் பாக்க வந்தவங்க, காப்பியக் குடிச்சுப்போட்டு, ‘பாக்கலாமுங்க’ன்னு சொல்லிட்டுப் போனா, மறுநா பந்தல் போட்டுருவீங்களா?”

முதலாளி போனைக் கீழே வைத்துவிட்டார். நம் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்வதில்லை. ‘பாக்கலாமுங்க’ என்போம். கேட்டவருக்கும் புரிந்துவிடும், சொன்னவருக்கும் மரியாதை கெடாது. ஆங்கிலக்காரர்களுக்கும் அப்படி ஒரு சொல் இல்லாமல் போகாது என்று தேடிக் கண்டுபிடித்தவர் எங்கள் அக்கா. அந்த ஆர்டர் கடைசிவரை வரவில்லை. பிறகு அதே பையர் ‘எக்ஸ்பெக்ட்’ என்று எழுதிய அன்று, “இப்ப நூலுக்குச் சொல்லுங்க” என்றார் அக்கா. ஆர்டர் வந்தது.

எல்லாச் சொற்களும் ஒன்றுபோல் ஆபத்தானவை அல்ல என்றும் சொல்வார். ‘பிக்’, ‘லார்ஜ்’ மாறினால் ஒன்றும் முழுகிப்போகாது. ஆளை நம்ப வைக்கிற சொற்களில்தான் கவனம் வேண்டும் என்பது அவர் கட்சி.

இன்னொரு சங்கதியும் அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். சாயம் சரியில்லை என்று ஒரு வெளிநாட்டு அம்மையார் வீடியோவில் வந்து குறை சொன்னார். முதலாளி நம் வழக்கப்படி, ஒருவர் பேசும்போது நாம் ‘சரிங்க, சரிங்க’ என்போமே, அதையே ஆங்கிலத்தில் ‘யெஸ், யெஸ்’ என்று வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஊரில் அது நீங்கள் பேசுவதைக் கேட்கிறேன் என்கிற மரியாதை. அந்த அம்மையாரோ, முதலாளி தவறு முழுவதையும் ஒத்துக்கொண்டதாக எழுதி, லோடை அப்படியே திருப்பி அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார். அக்கா உட்கார்ந்து ஒரு பதில் எழுதினார். எங்கள் முதலாளி நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொள்ளவில்லை, எங்கள் ஊரில் இவை இரண்டும் தனித்தனி, துணியை லைட்டுக்கடியில் பார்க்காமல் மறுபடி வெயிலில் வைத்துப் பாருங்கள் என்று. அந்த அம்மையார் வெயிலில் வைத்துப் பார்த்தார். சாயம் சரியாகவே இருந்தது. அது முதல் வீடியோவில் பேசும்போதெல்லாம் முதலாளிக்கு அக்காவின் உத்தரவு ஒன்று உண்டு. “வாயைத் தொறக்காதீங்க. தலையையும் ஆட்டாதீங்க.” முதலாளி பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே ஆட்கள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கூடுவார்கள்.

அப்படிப்பட்டவருக்குக் கேன்சர் என்று வந்தது. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று, ருசி போயிற்று, நாக்குத் துடுக்கு மட்டும் போகவில்லை. ஒரு நாள் காலையில் டாக்டர் சுற்றி வந்தார். இளவயதுக்காரர், நல்ல மனுஷர். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தார். மருந்து மயக்கம் என்று நினைத்தோம். நோயாளிக்குத் தெரிய வேண்டாம் என்றால் ஆங்கிலத்தில் பேசுவது எந்த ஆஸ்பத்திரியிலும் உள்ள பழக்கம். டாக்டரும் ஆங்கிலத்தில், இன்னொரு சுற்று மருந்து ஏற்றலாம், அதில் பலன் கிடைக்கும் என்று ‘ஹோப்’ செய்கிறோம் என்றார். மச்சானும் நானும் “யெஸ் டாக்டர், யெஸ் டாக்டர்” என்று நின்றோம். எனக்கு அது போதுமாக இருந்தது. பலன் கிடைக்கும் என்ற இடத்தோடு என் காது நின்றுவிட்டது. டாக்டர் நர்சைப் பார்த்து, மறுநாளே ஆரம்பித்துவிடலாம் என்றார்.

“ஏனுங்க டாக்டர்” என்றது கட்டில். அக்கா கண்ணைத் திறந்திருந்தார். “அவங்க யெஸ்னு சொன்னது, காதுல உழுந்துச்சுன்னு அர்த்தமுங்க. ஒத்துக்கிட்டோம்னு அர்த்தமில்லீங்க. எங்க கம்பெனியிலயும் இதே ரோதனைதானுங்க.”

டாக்டர் திகைத்துப்போனார். அக்கா விடவில்லை.

“ஹோப்னு சொன்னீங்க. எக்ஸ்பெக்ட்னு சொல்ல முடியுமுங்களா?”

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சொல்ல முடியாதுங்கம்மா” என்றார், தமிழில்.

“சந்தோசமுங்க. இப்ப விவரமாச் சொல்லுங்க.”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மருந்து ஏற்றினால் நாள் கொஞ்சம் கூடலாம், கூடாமலும் போகலாம், ஆனால் அந்த நாட்கள் இந்தக் கட்டிலில்தான் கழியும் என்றார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அக்காவுக்கு வரவில்லை. கணக்குக்கு விடை கிடைத்தவர் முகம்போலத் தெளிந்து இருந்தது அக்காவின் முகம். “வலிக்கு மட்டும் மருந்து எழுதிக் குடுங்க. நான் ஊட்டுக்குப் போறனுங்க” என்றார்.

“பொழைக்க வழி இருக்கறப்ப எதுக்குங்க்கா ஊட்டுக்கு?” என்று நான் சண்டை போட்டேன். காரில் வரும்போதும் போட்டேன். கருமத்தம்பட்டி வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து, “அவரு நல்லவரு கண்ணு. அதனாலதான் பாக்கலாமுங்கன்னாரு. நீ பந்தல் போட்டுட்ட” என்றார்.

வீட்டில் இருந்த மாதங்கள் எங்களுக்குக் கிடைத்த கொடை என்று நான் நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். ஜன்னல் பக்கம் கட்டில் போட்டோம். நெய் ஊற்றிய அரிசிம்பருப்பு சாதத்துக்கு ருசி திரும்பி வந்தது. கம்பெனி மெயிலைப் போனிலேயே பார்த்து, முதலாளியைப் போனிலேயே திட்டுவார். கல்லூரியில் படிக்கும் மகள் சனி ஞாயிறு வந்துவிடுவாள். தாயும் மகளும் பேசும் பேச்சு வாசல்வரை கேட்கும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வழக்கம்போல, “சீக்கிரம் நல்லாயிருவீங்க, கவலப்படாதீங்க” என்பார்கள். அக்கா புன்சிரிப்போடு, “பாக்கலாமுங்க” என்பார். அர்த்தம் தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தையும் இந்தக் கதையைக் கேள்விப்பட்டிருந்தார். “என்னங்கம்மா, நாங்க கோயில்ல ஹோப்பை அவ்வளவு உறுதியாச் சொல்றோம். நீங்க அதைப் பாக்கலாமுங்க ஆக்கிட்டீங்களே” என்றார்.

“அது ஆண்டவர் குடுத்த வாக்குங்க ஃபாதர். இது பையர் போடற மெயிலுங்க. அனுப்பறது யாருன்னு பாக்கோணுமல்லங்க” என்றார் அக்கா. ஃபாதர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்தப் புதன்கிழமை மதியம் அக்கா அரைக் கரண்டி சாதம் சாப்பிட்டார். முகம் தெளிவாக இருந்தது. மச்சான் தறிக்குடோனுக்குப் போயிருந்தார். கடைக்குச் சாமான் வந்து இறங்கியிருந்ததால் நானும் எழுந்து, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

“பொழுதோட வாரேனுங்க்கா. வந்து பேசலாமுங்களா?”

அக்கா என்னைப் பார்த்தார். “ஐ ஹோப், கண்ணு” என்றார்.

நான் கதவுவரை போய்விட்டேன். அங்கே நின்றேன். சொன்னது யார் என்று பார்க்க வேண்டுமல்லவா? அக்கா அந்தச் சொல்லைக் கவனமில்லாமல் சொல்லுகிறவர் அல்ல. திரும்பி வந்து சாவியை மேசைமேல் வைத்தேன். மகளுக்குப் போன் போட்டு, “அம்மணி, பையெல்லாம் எடுக்க வேண்டாம், இப்பவே பஸ் ஏறு” என்றேன். மச்சானுக்கும் சொன்னேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நான் சாவியை வைத்த சத்தம் கேட்டதும் சிரித்தார். பரீட்சையில் கடைசி பெஞ்சுக்காரன் பாஸாகிவிட்டால் டீச்சர் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

மகள் நான்கு மணிக்கு வந்துவிட்டாள். தாயும் மகளும் என்ன பேசினார்கள் என்பது அவர்களுடையது. நானும் மச்சானும் வெளியே இருந்தோம். பிறகு எங்களையும் கூப்பிட்டார். கோயில் மணி மாலைச் செபத்துக்கு அடித்தபோது எங்கள் மூவரின் கையும் அக்காவின் மேல் இருந்தது. மூச்சு நின்றது எங்களுக்கே உடனே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. நாங்கள் யாரும் அப்போது வேறெங்கும் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது, கூடவே நெஞ்சு நிமிரவும் செய்கிறது. வாழ்நாள் முழுக்க அவர் சொன்ன பாடத்தில், தேவைப்பட்ட அன்று நான் தவறவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தமிழில் பேசிய டாக்டருக்கு முதல் நன்றி; அடக்கத்துக்கும் அவர் வந்து பின்னால் நின்றிருந்தார். கடைசி மாதம்வரை அக்காவின் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்காத முதலாளிக்கு நன்றி. இப்போது வீடியோவில் அவர் தானாகவே தலையாட்டாமல் உட்காருகிறாராம். சாதம் ஆக்கிக்கொண்டு வந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், செபமாலை சொல்ல வந்தவர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், ராத்திரி பகல் பாராமல் வந்து வலி ஊசி போட்ட நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சாயத்துக்காகச் சண்டை போட்ட அந்த வெளிநாட்டு அம்மையார் எழுதிய இரங்கல் மெயிலில் டிமைஸ் என்ற சொல் இல்லை. அக்கா பார்த்திருந்தால் மார்க்கு போட்டிருப்பார்.

இன்று முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு வந்திருக்கும் அத்தனை பேரும், முடிந்ததும் அப்படியே பஸ் ஏறிவிடாமல் வீட்டுக்கு வர வேண்டும். அரிசிம்பருப்பு சாதம் ஆக்கியிருக்கிறோம், நெய்யும் தாராளமாக இருக்கிறது. மச்சானும் மகளும் நானும் உங்களை எதிர்பார்க்கிறோம். கூப்பிட்டதற்கு யாரும் ‘பாக்கலாமுங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது எங்கள் அக்காவின் வீடு. அங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியும்.