மருந்து போடாத நாலு வரிசை

என் மாமனார் சிங்கராயர் லேசில் யாரையும் நம்பமாட்டார். கச்சிராயபாளையம் கடையில் வாங்கிய தக்காளியை வீட்டில் மறுபடி எடை போடுவார். பெண் கேட்டுப் போனபோது என் சம்பளச் சீட்டை வாங்கிப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் காபி வந்தது.

இது பிறவிக் குணமில்லை. கரும்புக்கு டானிக் விற்கும் கம்பெனி ஒன்று, பலருக்கும் காட்டுவதற்காக ரோட்டோரம் இருந்த அவர் வயலைத் தேர்ந்தெடுத்தது. டானிக்கோடு யூரியா மூட்டைகளையும் சும்மா கொடுத்தார்கள். வாய்க்கால் தண்ணீர் முதலில் பாய்வதும் அந்த வயலுக்குத்தான். கரும்பு தடித்து வளர்ந்ததும் பலகை நட்டு, வேன் வைத்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். "எல்லாம் டானிக் வேலன்னு சொன்னானுங்க. யூரியாவப் பத்தி ஒருத்தனும் கேக்கல மாப்ள" என்பார். அதற்குப் பிறகு எந்தப் புது மருந்து வந்தாலும், நாலு வரிசைக்குப் போடாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாயைத் திறப்பார்.

அப்படிப்பட்ட மனிதரின் மனைவிக்குத்தான் மறதி வந்தது. என் மாமியார் உபகாரமேரி குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டார். பிறகு ஜெபமாலை சொல்லும்போது நடுவில் நின்றுபோய், எங்கே விட்டோம் என்று சுற்றிப் பார்த்தார்.

என் மனைவி லிடியா போனில் விளம்பரம் பார்த்து, ஞாபக சக்திக்கு என்று ஒரு பாட்டில் மாத்திரை வரவழைத்தாள். மூலிகையாம், பக்கவிளைவே கிடையாதாம், ஆராய்ச்சியில் நிரூபித்ததாம். மாமனார் பாட்டிலைத் திறக்கவே விடவில்லை.

"ஆராய்ச்சி யாரு பண்ணது? போடாத நாலு வரிசை எங்க?" என்று என்னைக் கேட்டார்.

"மனுசன்ல எப்படி மாமா வரிசை வுடறது?"

"அத நீங்கதான் தேடிப் பாக்கணும் மாப்ள."

தேடினேன். ஆராய்ச்சி என்று தொடங்கிய பக்கமெல்லாம் கடைசியில் 'இப்போதே வாங்குங்கள்' என்ற பொத்தானில் போய் முடிந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரே டாக்டர் மூன்று கம்பெனிகளுக்குச் சிரித்தார். ஒரு கம்பெனி தன் மாத்திரையைத் தன் செலவிலேயே சோதித்திருந்தது. சாப்பிட்டவர்கள் தேறிவிட்டார்களாம். சாப்பிடாதவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கே எரிச்சல் வந்துவிட்டது.

கடைசியில் எதையும் விற்காத, அரசாங்க மருத்துவப் பக்கம் ஒன்று கிடைத்தது. சரியான சோதனை என்றால் பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி, மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது. அப்படிப் பல பேரை வைத்துப் பார்த்ததில், அந்த மூலிகை மறதியைத் தடுத்ததாகத் தெரியவில்லை. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றும் இருந்தது. படித்துக் காட்டினேன்.

"இதான்யா நாலு வரிசை வுட்டுப் பாத்த வெள்ளாமை" என்றார் மாமனார்.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் டாக்டரிடம் போனோம். மாமியாருக்கு முன்பே இதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை உண்டு. அதோடு இதையும் சேர்த்தால் ரத்தக்கசிவு வரலாம் என்றார் டாக்டர். வைட்டமின் குறைவாலும் மறதி வருமாம்; சோதித்தார்கள், குறைவில்லை. ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது மறதி நோய்தாங்க. இருதய மாத்திரைய மட்டும் ஒரு நாளும் வுட்டுடாதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் மாமனார் ஆரம்பித்தார். "இந்த டாக்டருக்கு இதுல இன்னா லாபம்?"

"வாங்காதீங்கன்னு சொல்றவருக்கு எவன் மாமா கமிஷன் குடுப்பான்?"

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் யோசித்தார். பிறகு பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

போன மழைக்காலத்தில் நாங்கள் மாமனார் வீட்டில் தங்கியிருந்தோம். காலையில் மாமனார் இருதய மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுபோய் மாமியாரிடம் நீட்டினார். மாமியார் கையை இழுத்துக்கொண்டார்.

"நீ எந்த கம்பெனி ஆளுப்பா?"

"மேரி, நான்தான்."

"எங்க வூட்டுக்காரரு கழனிக்குப் போயிருக்காரு. அவரு பாத்து சொல்லாம நான் எதையும் வாங்கறதில்ல. நாலு வரிசை வுட்டுப் பாக்கற மனுசன் அவரு."

லிடியா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். மாமனார் மாத்திரையை மடித்த கைக்குள் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, காலைக் கழுவிய ஈரத்தோடு முன்வாசல் வழியாக வந்தார்.

"மேரி, யாரோ வந்து நிக்கறானாமே."

மாமியார் முகம் தெளிந்தது. "வந்துட்டீங்களா? ஏதோ மாத்திரையாம். நான் வாங்கல."

மாமனார் கையை விரித்து, அந்த மாத்திரையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பாத்துட்டன். நல்ல மருந்துதான். போட்டுக்க."

மாமியார் மறுபேச்சு இல்லாமல் விழுங்கினார். வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆளு எங்க?" என்று கேட்டார்.

"அனுப்பிட்டன்" என்றார் மாமனார்.