கிளினிக் கொப்பிக்குப் போட்ட உறை

ஒன்பது வயதில் நான் மிக அழகாகச் செய்த வேலை, என் கிளினிக் கொப்பிக்கு உறை போட்டதுதான். நீலப்பூப் போட்ட தாள். மூலை மடிப்புகள் பிசகாமல், ஒட்டிய இடம் வெளியே தெரியாமல் போட்டிருந்தேன். அது என்னைக் கொல்லப் பார்த்தது வேறு விஷயம்.

ஐந்து வயதில் தொண்டை நோவுக்கு ஓர் இளஞ்சிவப்புப் பாணி மருந்து தந்தார்கள். குடித்ததும் உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாம் விசாரித்துப் பார்த்து, பெனிசிலின் வகை எதுவும் எனக்கு ஒவ்வாது என்று கொப்பியின் அட்டையிலேயே சிவப்பு மையால் பெரிதாக எழுதிக் கொடுத்தார்கள். அம்மா அதைப் பொலித்தீன் பையில் போட்டு அலுமாரிக்குள் பத்திரமாக வைத்தார். எனக்கோ அந்தச் சிவப்பு எழுத்து பெரிய அவமானம். பள்ளிக்கூடத்து மருத்துவப் பரிசோதனையில் பக்கத்தில் நின்றவள் அட்டையைப் பார்த்துவிட்டு, “உது தொத்துமோ?” என்று கேட்டாள். தை மாதம் பள்ளிக் கொப்பிகளுக்கு உறை போட்டபோது, ஒருவருக்கும் தெரியாமல் அதற்கும் ஒன்று போட்டுத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

அடுத்த மாதமே காய்ச்சல் வந்தது, தொண்டை நோவோடு. ஆசிரியையான அம்மா அன்று பயிற்சி வகுப்புக்காக வவுனியாவுக்குப் போயிருந்தார். அப்பா வெங்காயத் தோட்டத்திலிருந்து ஓடிவந்து, கை கால் கழுவி, கொப்பியையும் என்னையும் சந்தியிலிருந்த டொக்டரிடம் கொண்டுபோனார்.

“பிள்ளைக்கு ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாதோ?” என்று டொக்டர் கேட்டார்.

“எல்லாம் கொப்பியிலை கிடக்கு, ஐயா.”

அப்பாவுக்கு மருந்தின் பெயர் வாயில் வராது. எழுதிக் கிடப்பது போதும் என்று நம்புகிறவர். டொக்டர் உள்தாள்களைப் புரட்டினார். சளி, காய்ச்சல், நிறை என்றுதான் இருந்தது. எனக்கு அந்தப் பெயர் மனப்பாடம். ஆனால் சொன்னால் உறையைக் கழற்றிவிடுவார்கள். அதோடு, எனக்குக் கூடாதது அந்த இளஞ்சிவப்புப் பாணி என்றுதான் நினைத்திருந்தேன். இவர் தந்ததோ சிவப்பும் மஞ்சளுமான குளிசை. பேசாமல் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒன்றை விழுங்கிக் கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை கடித்து அரிக்கத் தொடங்கியது. பிறகு உதடு வீங்கியது, தொண்டை அடைத்தது. அப்பா என்னை மோட்டார்சைக்கிளில் முன்னால் இருத்தி, இணுவிலிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார்.

“கண்ணை மூடாதை பிள்ளை, அப்பாவோடை கதைச்சுக்கொண்டு வா.”

கதைக்க எனக்குக் குரல் இல்லை. அவரே வழியெல்லாம் வெங்காயத்தையும் கிணற்றையும் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். அப்பா பயந்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

தொடையில் ஊசி போட்டு, முகத்தில் ஒட்சிசன் வைத்தார்கள். மூச்சு மெல்லத் திரும்பியது. வார்டிலிருந்த பெண் டொக்டர் கொப்பியை வாங்கி உறையைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அப்பாவும் பார்த்தார். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“இனி ஆரிட்டை மருந்துக்குப் போனாலும், முதல் நீர் உம்மடை வாயாலை சொல்லவேணும்,” என்ற அந்த டொக்டர், மருந்தின் பெயரை மூன்று தரம் சொல்லவைத்துவிட்டுப் போனார்.

அம்மா வருவதற்கு முன், அப்பா அந்த உறையைக் கிழியாமல் கழற்றி, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அம்மா வந்து என்னைத் தடவிப் பார்த்தார். பிறகு கட்டிலில் கிடந்த கொப்பியை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“அட்டையிலை இவ்வளவு பெரிசா எழுதிக்கிடக்கு. உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?”

“ஓம். நான்தான் கவனிக்கேல்லை.”

அதன் பிறகு ஒரு காய்ச்சல் குளிசையைக்கூட அப்பா கையால் எனக்குத் தர அம்மா விட்டதில்லை. போகிற வீடுகளிலெல்லாம் அந்தக் கதையைச் சொல்வார். அப்பா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி இருப்பார்.

எனக்கு அவர்மேல் இரக்கமாக இருக்கும். அவர் அம்மாவிடம் பொய் சொன்னது எனக்கு மட்டும்தானே தெரியும். அதை ஒருவரிடமும் கோள் மூட்டாமல், அப்பாவை நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.