வயலின் வாசிக்கத் தெரியாதவனின் முகம்

சினிமாவில் யாராவது வாத்தியம் வாசிக்கிற காட்சி வந்தால் எனக்குப் பரம சந்தோஷம். புல்லாங்குழலில் ஓர் ஓட்டையைக்கூட மூடாமல் ராகமாய்ப் பொழிவார்கள். வீணையைப் பாத்திரம் மாதிரி தேய்ப்பார்கள். நாதஸ்வரக்காரருக்குக் கன்னம் உப்பவே உப்பாது. "பாரு, வில்லு இங்கே போறது, சத்தம் வேற எங்கேயோ போறது" என்று நான் ஆரம்பித்தால், என் மனைவி டிவி சத்தத்தைக் கூட்டுவாள். பகலில் வங்கியில் குமாஸ்தா, சாயங்காலம் கச்சேரிகளில் பக்கவாத்தியமாக வயலின் என்று செம்பூரில் காலம் தள்ளுகிறவன் வேறு எதில் ஜம்பம் அடித்துக்கொள்வது?

போன வருஷம் ஒரு படம் வந்து இந்தச் சந்தோஷத்திலும் மண்ணைப் போட்டது.

ஹீரோ சம்மணம் போட்டு உட்கார்ந்து வயலின் தலையைக் கணுக்காலில் சாய்த்துக்கொண்டான். சரியான கால். கமகத்துக்கு விரல் எங்கே வழுக்க வேண்டுமோ அங்கே வழுக்கியது. வில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பியது. ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு பிசகு கிடைக்கவில்லை. மோர் குடித்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

திரும்பினால் இவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

"வாசிக்கிறது அவன் இல்லடீ. எவனோ ஸ்டுடியோல வாசிச்சிருக்கான்."

"தெரியும். ஆனா அந்த முகத்தைப் பாருங்கோளேன். ராகம் அதுலயே தெரியறது."

"ஏன், என் முகத்துக்கு என்ன?"

"வாசிக்கறச்சேயா? குர்லா ஸ்டேஷன் பிளாட்பாரத்துல நின்னுண்டு, வர்ற லோக்கல் ரயில் ஸ்லோவா ஃபாஸ்டான்னு பார்க்கற முகம்."

கல்யாணமானதிலிருந்து என் கச்சேரிகளுக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்காருகிறவள் இவள். பாடுகிறவரின் புடவைக் கரையைப் பார்ப்பாள், அப்புறம் ஃபோனைப் பார்ப்பாள். நான் இருக்கிற பக்கம் கண் திரும்பவே திரும்பாது. ஒரு ஸ்வரமும் தெரியாத பயலுக்குக் கண்ணீர், எனக்குக் கொட்டாவியா? ஒரு தடவையாவது இவளை என்னைப் பார்க்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

அவள் காய்கறி வாங்கப் போன நேரமாகப் பார்த்து, பீரோக் கண்ணாடி முன்னால் வயலினோடு உட்கார்ந்தேன். நிஜமாக வாசித்தால் கவனம் ஸ்ருதிக்குப் போய், முகம் பழையபடி ரயிலுக்குக் காத்திருக்கிறது. அதனால் வில்லைத் தந்தியில் படாமல் ஓட்டி, சத்தமே இல்லாமல் பாவனையை மட்டும் பழகினேன். புருவம் ஏற வேண்டும், கண் சொருக வேண்டும், தலை லேசாக ஆட வேண்டும். வயலின்காரன் ஒருவன் வயலின் வாசிப்பதுபோல நடித்துப் பழகிய கூத்து இந்த ஊரில் அன்றைக்குத்தான் நடந்திருக்கும்.

மாட்டுங்காவில் கோயில் ஹாலில் கச்சேரி. பாடகி கல்யாணி ராக ஆலாபனையை எடுத்தார். அந்த நேரத்தில் பக்கவாத்தியக்காரனுக்கு ஒரே வேலைதான். பாடுகிறவரைப் பார்த்துக்கொண்டே நிழல் மாதிரி பின்னால் போக வேண்டும். அவர் நிறுத்தினால் சுருக்க முடித்துக்கொண்டு, அடுத்ததற்கு வழிவிட வேண்டும். நான் கண்ணைச் சொருகிக்கொண்டேன். அடாடா, என்ன சுகம்! எதிரே மிருதங்கக்காரர் தொண்டையைக் கனைத்தார். ரசிக்கிறார் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஆடினேன். மறுபடி கனைத்தார். சபையில் சலசலப்பு. புருவத்தை இன்னும் ஏற்றினேன்.

"மாமா, நான் பாடலாமா?" என்று மைக்கில் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். பாடகி வெந்நீர் குடித்து முடித்து ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஹாலே சிரித்தது. மூன்றாவது வரிசையில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

கச்சேரி முடிந்து பக்கத்து ஹோட்டலில் காபிக்கு உட்கார்ந்தோம்.

"இன்னிக்கு ஃபோனைத் தொடவே இல்லை, தெரியுமா?" என்றாள். "உங்க மூஞ்சியை விட்டுக் கண்ணை எடுக்க முடியலை."

எனக்குள் ஏதோ துள்ளியது. "அந்த ஹீரோவைவிடவா?"

"சேச்சே! அவன் பாட்டு நின்னா நிறுத்திடறானே!"

மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. தலையில் தட்டுகிற சாக்கில், கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.